முற்பணம் கட்டியவர்கள்

லண்டனில் ஒரு தமிழன் காசை விட்டான் என்றால் சீட்டு, கடை, உண்டியல் என்று மூன்றில் ஒன்றைத்தான் கேட்பவர்கள் நினைப்பார்கள். நாங்கள் மூன்று பேர் காசை விட்டது சின்ன ரயிலில். இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு எவ்வளவு என்று கேட்கிறார்கள், தொகையைச் சொன்னதும் இன்னொருமுறை சிரிக்கிறார்கள். 1,254 பவுண் கட்டினோம். அதில் 834 பவுண் திரும்பி வராது.

பொம்மை ரயில் என்ற சொல்லை இந்த வேலை செய்பவர்கள் விரும்புவதில்லை. கடையில் பெட்டியோடு வாங்கி, தண்டவாளத்தில் வைத்து ஓட்டுவது ஒரு வகை. நாங்கள் அகப்பட்டது மற்ற வகை. பித்தளையிலும் நிக்கல் சில்வரிலும் (பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் நாகமும்) மெல்லிய தகடுகள் வரும். அமிலம் தின்று போன கோடுகளின்படி ஒவ்வொரு துண்டாக வெட்டி, மடித்து, ஈயம் ஒட்ட வேண்டும். புகைபோக்கி போன்ற உருண்டையான பாகங்கள் வெள்ளை உலோகத்தில் வார்க்கப்பட்டிருக்கும். அவற்றை ஒட்டுகிற ஈயம் 70 பாகை வெப்பத்திலேயே உருகும். கொதிக்கிற தேநீர்த் தண்ணீரே போதும். சூடு சற்றுக் கூடினால் ஒட்டப்போன பாகமே உருகி மேசையில் சொட்டாக நிற்கும். ஒரு இயந்திரம் முடிய ஒரு குளிர்காலம் போய்விடும். இரவு வேலைக்குப் போய்வந்து, மனிசி பிள்ளைகள் படுத்த பிறகு, சமையலறை மேசையில் செய்வதற்கு இதைவிட அமைதியான வேலை எங்களுக்குக் கிடைக்கவில்லை.

நாங்கள் கட்டக் காத்திருந்தது கரற் இயந்திரம். மரக்கறி அல்ல. ஹேர்பேட் வில்லியம் கரற் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் கண்டுபிடித்தது. நடுவில் கொதிகலன் தொங்கும். முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு இயந்திரங்கள் தனித்தனியே திரும்பும். நீளமான பாரத்தையும் இழுக்கும், வளைவிலும் திரும்பும். மான்செஸ்ரரில் கோர்ட்டன் என்ற இடத்திலிருந்த பேயர் பீகொக் தொழிற்சாலை லண்டன் மிட்லண்ட் அன்ட் ஸ்கொட்டிஷ் ரயில்வேக்காக 1927க்கும் 1930க்கும் இடையில் இப்படி 33 இயந்திரங்களைச் செய்தது. ரோட்டனிலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு வடலண்டனில் பிரென்ற் பக்கவழிகளுக்கு அவை வந்தன. 1958க்குள் எல்லாம் கழிக்கப்பட்டு இரும்பாகப் போயின. ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அந்தப் பக்கவழிகளின் ஓரத்தில்தான் 2023 டிசம்பரில் பிரென்ற் குறொஸ் வெஸ்ற் என்ற புதிய ரயில் நிலையத்தைத் திறந்தார்கள். எங்கள் வீடுகளிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்.

அதே தொழிற்சாலை இலங்கைக்கும் கரற் செய்து அனுப்பியது. மலைநாட்டுப் பாதைக்கு. எங்களில் மூத்தவருடைய தகப்பன் நாவலப்பிட்டியில் நெருப்புப் போடுகிற வேலை பார்த்தவர். இரண்டு தலை உள்ள கோச்சி என்று சின்ன வயதில் தாங்கள் அதைச் சொன்னதாக அண்ணை சொல்லுவார். (வயதுக்காக மட்டுமல்ல, ஈயம் ஒட்டக் கற்றுத் தந்தவர் என்பதற்காகவும் நாங்கள் அவரை அண்ணை என்கிறோம்.) இலங்கை இயந்திரத்தைக் கட்டலாமே என்று கேட்கலாம். அதற்குத் தகடு வெட்ட எவரும் இல்லை. இங்கத்தைய மாதிரிகள் அடிக்கு 4 மில்லிமீற்றர் அளவில் இருந்தாலும் 16.5 மில்லிமீற்றர் தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. எங்கள் ஊர்த் தண்டவாளம் ஐந்தரை அடி. அந்த அளவுக்குக் கணக்குப் பார்த்தால் 22 மில்லிமீற்றர் வரும். எந்தக் கடைத் தண்டவாளத்திலும் ஏறாது. அதனால் ஒரே தொழிற்சாலையில் பிறந்த அதன் சகோதரத்தைக் கட்டுவது என்று முடிவானது.

2019 வசந்தத்தில் ஒரு கண்காட்சியில் அந்தச் சிறிய கம்பெனி வரைபடத்தை மேசையில் விரித்து வைத்திருந்தது. ஒரு பெட்டி 420 பவுண். அண்ணை முழுக் காசையும் காசோலையாகக் கொடுத்தார். முழுவதும் கட்டினால் பத்து வீதம் கழிவு, ஆகவே 378. இரண்டாமவர் 50 பவுணைக் கடனட்டையில் கட்டினார். தகடுகள் தயாராகின்றன என்ற கடிதம் வந்தபோது மீதி 370ஐ வங்கி மூலம் அனுப்பினார். மூன்றாமவருக்கு இயந்திரத்தில் ஆசை இல்லை, அது இழுக்கிற நிலக்கரி வண்டிகளில்தான். ஒன்று 38 பவுண்படி பன்னிரண்டு, எல்லாம் கடனட்டையில், 456 பவுண்.

முற்பணம் வாங்குவதில் களவு எதுவும் இல்லை. தகட்டுக்குப் படம் வரைய, வார்ப்புக்கு மூலவடிவம் செய்ய, ஒரு பெட்டி விற்பதற்கு முன்னமே பெருந்தொகை வேண்டும். வாங்குகிறவர்களோ சில நூறு பேர். வங்கி இதற்குக் கடன் கொடாது, ஆகவே வாடிக்கையாளரே வங்கியாகிறார். வட்டி இல்லாத, ஈடு கேட்காத வங்கி. சிக்கல் எங்கே வருகிறதென்றால், நேற்று அறிவித்த பெட்டியைச் செய்ய இன்று அறிவித்த பெட்டியின் முற்பணத்தை எடுக்கும்போது. புதிய அறிவிப்புகள் கூடிக்கொண்டே போகும், தபாலில் வருகிற பெட்டிகள் குறைந்துகொண்டே போகும். 2020இல் நோய், அதன்பின் பித்தளை விலை, அதன்பின் தகடு வெட்டுகிறவர் இளைப்பாறிவிட்டார் என்று கடிதங்கள் வந்தன. எல்லாம் உண்மையாகவும் இருந்திருக்கலாம். 2023 இலையுதிர்காலத்தில் கம்பெனி வங்குறோத்து. கணக்கு முடிக்கிற லிக்விடேற்றரிடமிருந்து தடித்த உறையில் கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தை அண்ணை வீட்டு மேசையில் வைத்து வாசித்தோம். இங்கத்தைய சட்டத்தில் எங்களுக்கென்றே ஒரு பெயர் இருக்கிறது: பொருளுக்கு முன்கூட்டிப் பணம் கட்டிய நுகர்வோர். கடன்காரர் பட்டியலில் எங்கள் பெயர்களைத் தனித்தாளில் எழுதி, பொதுப் பதிவுக்கு எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு என்று மட்டும் கொடுப்பார்கள். ஆயிரம் பவுணுக்கு உட்பட்ட சிறுகடன் என்றால் அத்தாட்சிப் படிவம்கூட அனுப்பத் தேவையில்லை என்று வைக்கலாம். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் வரிசையில் நிற்கிற இடம் கடைசிக்குச் சற்று முன்னால்தான். சொத்தை ஈடு வைத்துக் கடன் கொடுத்தவர், லிக்விடேற்றரின் செலவு, வேலைசெய்தவர்களின் சம்பளம், 2020 டிசம்பரிலிருந்து அரசாங்கத்தின் விற்பனை வரியும் சம்பள வரியும், இவையெல்லாம் போனபின் மிஞ்சினால் நாங்கள். எங்களுக்குப் பின்னால் நிற்பது பங்குதாரர் மட்டும்.

2006 ஒக்ரோபரில் பெயார்பாக் என்ற நத்தார்ச் சேமிப்புக் கம்பெனி விழுந்தபோது கிழமைக்குக் கொஞ்சமாகச் சேர்த்துவந்த ஏழைக் குடும்பங்களுக்கு நடந்ததும் இதுதான். அதற்குப்பின் சட்ட ஆணைக்குழு 2016இல் ஓர் அறிக்கை எழுதியது. முற்பணம் கட்டியவர்களில் ஒரு சிறு பகுதியினரையாவது வரிசையில் மேலே தூக்கலாம் என்றது. அது சட்டமாகவில்லை. மேலே தூக்கப்பட்டது வரித் திணைக்களம்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. கேயோர்ட் என்ற தபால் வியாபாரக் கம்பெனி, தனக்குப் பொருள் தருகிறவர் ஆட்டம் காண்பதைக் கண்டு, வாடிக்கையாளர் காசைத் தனிக் கணக்கில் போட்டு வைத்தது. கம்பெனி பிறகு விழுந்தது. அந்தக் காசு கம்பெனியுடையதல்ல, நம்பிக்கைப் பொறுப்பில் இருக்கும் வாடிக்கையாளரின் காசு என்று நீதிபதி மெகரி தீர்ப்புச் சொன்னார். 1975ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் அது இருக்கிறது. ஒரு தனிக் கணக்குத் திறப்பதற்கு என்ன செலவு என்று எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

இனி வேடிக்கை. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ள பொருளுக்குக் கடனட்டையில் ஒரு பகுதி கட்டியிருந்தாலே போதும். முழுத் தொகைக்கும் அட்டைக் கம்பெனி பொறுப்பு. ஆகவே 50 பவுண் அட்டையில் கட்டியவருக்கு 420ம் திரும்பி வந்தது. 456 பவுண் முழுவதையும் அட்டையில் கட்டியவருக்கு ஒரு சதம் இல்லை. வண்டி ஒன்றின் விலை 38 தானே, நூறைத் தாண்டவில்லையே! பன்னிரண்டையும் ஒரே தொகுதியாக, ஒரே விலைக்கு விற்றிருந்தால் கதை வேறு. காசைத் திருப்பி அழைக்கிற மற்ற வழிக்கும் தவணை எப்போதோ கடந்துவிட்டது. காசோலை கொடுத்த அண்ணைக்கு ஒன்றுமே இல்லை.

சீட்டு விழுந்தால் பிடித்தவர் வீட்டுக்குப் போய் விறாந்தையில் குந்தலாம். அவருடைய தாய் தேத்தண்ணி கொண்டுவருவா, பேச்சுக் கேட்பா, நகையில் ஒன்றாவது கைமாறும். இங்கே போய்க் குந்த வீடில்லை. இருந்தாலும் குந்தியிருக்க மாட்டோம். கம்பெனிக்காரரும் எங்களைப்போல இரவில் தகடு மடிக்கிற ஆள்தான். தன் வீட்டையும் ஈடு வைத்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அவர்மேல் கோபம் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் 2022இலும் புதிய பெட்டிக்கு விளம்பரம் போட்டு முற்பணம் வாங்கினாரே, அதற்குத்தான்.

காசு திரும்பிக் கிடைத்தவர் மற்ற இருவருக்கும் பகிர்ந்து தருவதாகச் சொன்னார். எங்களுக்குள் சிறு மனஸ்தாபம் வந்தது அப்போதுதான். "என்ர காசை நீ ஏன் தம்பி தாறாய்? நான் உனக்கோ குடுத்தனான்?" என்று அண்ணை சத்தம் போட்டார். இரண்டு கிழமை ஒருவரோடொருவர் பேசவில்லை.

அவருடைய கணக்கு 378 பவுண் அல்ல. 2019இல் முற்பணம் கட்டியபோது அவருக்கு 73 வயது, கை உறுதியாக இருந்தது. அந்த நாலரை வருடத்தில் வலது கண்ணின் நடுப்பார்வை மங்கிவிட்டது, விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. சூட்டுக்கோலைப் பிடித்தால் நுனி ஆடுகிறது. எந்த லிக்விடேற்றரின் பட்டியலிலும் இதற்கு ஒரு நிரல் இல்லை. பழைய பெட்டி ஒன்றை ஏலத்தில் எடுத்துத் தருகிறோம் என்றோம். வேண்டாம், இறந்துபோன ஆள் பாதி கட்டி விட்டதாக இருக்கும் என்றார்.

லிக்விடேற்றரின் கடைசி அறிக்கை வந்தது: ஈடற்ற கடன்காரருக்குப் பங்கீடு எதுவும் இல்லை. தகட்டுப் படங்களையும் வார்ப்பு அச்சுகளையும் வேறொரு சிறிய கம்பெனி வாங்கியிருக்கிறது. பழைய முற்பணங்களுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று அவர்கள் முதல் வரியிலேயே எழுதிவிட்டார்கள். காசு இப்போது வேண்டாம், பெட்டி தயாரானதும் வாங்க விரும்புகிறவர்கள் பெயரை மட்டும் தரலாம் என்பது அடுத்த வரி. எங்கள் மூன்று பெயரும் கொடுத்திருக்கிறோம். அண்ணை தன் பெயருக்குக் கீழே, கூடக் காசு தருகிறேன், தகடுகளை வெட்டி மடித்துத் தர முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்.