ஹந்தானைப் பக்கம் உதிக்காத சூரியன்

கண்டி, ஐப்பசி



இங்கே பிற்பகல் மூன்று மணியானால் மழை பிடித்துக்கொள்கிறது. நீர்வண்ணம் தீட்டிய தாள் காயவே மாட்டேனென்கிறது. ஓரம் சுருண்டு நடுவில் உப்பி நிற்கிறது. அதனால் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் என் வீட்டு வகுப்பில் பென்சில், கரித்துண்டு வேலைதான்.

கட்டுக்கலையில் எங்கள் முன்னறையில் ஆறு பேர் வரைய வருகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவளுக்கு ஒன்பது வயது. பிடித்ததை வரையச் சொன்னேன். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே ஆறு, ஒரு தென்னை. சின்ன வயதில் மதுரையில் நான் வரைந்ததும் இதே படம்தான். யானை படுத்ததுபோல ஆனைமலை கண்ணெதிரே கிடந்தும், என் தாளில் முக்கோணம்தான் வந்தது. இவளுக்கோ ஜன்னலைத் திறந்தால் ஹந்தானை மலை.

ஒரு கோட்டுக்கு மூன்று தடவை அழிறப்பர் கேட்டாள் (ரப்பரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்). தாளே தேய்ந்து மெலிந்துவிட்டது.

வகுப்பு தொடங்கிய காலத்தில் "பார்த்து வரை" என்பதை மட்டுமே பாடமாக வைத்திருந்தேன். செம்பை வைப்பேன், வாழைப்பழத்தை வைப்பேன். பிள்ளைகளின் கண் நன்றாகவே பார்க்கும். கைதான் நடுங்கி நிற்கும். தெகல்தொருவ குகை விகாரைக்குப் போனபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் தொடங்கிய வேலை அது. பாறைக் கூரை முழுக்க மாரனின் சேனை, சுவர்களில் சிவப்புப் பின்னணியில் ஜாதகக் கதைகள். அந்தச் சிவப்புக்குச் சிங்களத்திலும் சாதிலிங்கம் என்றுதான் பெயர். அருகில் போய் ஓர் உருவத்தைப் பார்த்தேன். தோளிலிருந்து இடுப்புவரை ஒரே கோடு. நிறுத்தித் தொடர்ந்த தடம் எங்கும் இல்லை.

அந்தக் கை எப்படிப் பழகியது என்பதை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியான தமது மத்தியகாலச் சிங்களக் கலை நூலில் எழுதியிருக்கிறார். கண்டிச் சித்திரக்காரரிடம் சேரும் பிள்ளைக்கு முதல் பாடம் 'வக தெக', அதாவது இரட்டை வளைவு. ஒன்று இப்படி வளைய, அடுத்தது எதிர்ப்பக்கம் வளையும். கொடியும் பூவும் அந்த வளைவிலிருந்துதான் கிளைக்கின்றன. படித்ததும் எனக்கு அம்மாவின் சிக்குக்கோலம் நினைவுக்கு வந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு ஒழுகிக்கொண்டே இருக்கும்; தயங்கி நின்றால் அந்த இடத்தில் மாவு குவிந்துவிடும்.

இப்போது முதல் மாதம் அழிறப்பர் பெட்டிக்குள்ளேதான். பழைய செய்தித்தாளில், கரித்துண்டால், மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து வளைவு போடச் சொல்கிறேன். பெற்றோருக்கு அவசரம், சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரப் பாடம், போட்டிக்கு வண்ணப்படம் என்கிறார்கள். கை பழகட்டும் என்று கெஞ்சித்தான் கேட்கிறேன். ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், "இந்த வயதில் வருமா அம்மா?" என்றார். இதே கண்டியில் 1901இல் பிறந்த ஜார்ஜ் கீட், இருபத்தைந்து வயதைத் தாண்டித்தான் ஓவியத்தில் முழுதாக இறங்கினார், ஓவியப் பள்ளி வாசலே மிதிக்காதவர் என்றேன். அடுத்த வாரம் அவர் கரித்துண்டோடு வந்துவிட்டார்.

கை இளகிய பிறகுதான் பார்க்கும் பாடம். அதற்குத் திரினிட்டி கல்லூரித் தேவாலயத்து ஓவியங்களைக் காட்டுவேன். அங்கே படித்து, லண்டன் ராயல் அகாடமிக்குப் போய்வந்த டேவிட் பெயின்டர் தீட்டியவை. பைபிள் காட்சிகளில் இந்தத் தீவின் முகங்களும் மரங்களும் நிற்கின்றன. கண்முன் இருந்தவர்களைத்தான் அவர் வரைந்தார்.

போன சனிக்கிழமை மழை விட்ட நேரம். சிறுமி ஜன்னலருகே நின்று ஹந்தானையின் முகட்டை ஒரே இழுப்பில் வரைந்தாள். ஒரு பக்கம் சரிந்து, நடுவில் தாழ்ந்து, மறுபடி எழும் கோடு.

"டீச்சர், சூரியனை எங்கே வைக்கிறது?"

"காலையில் வெயில் எந்தப் பக்கம் வருது?"

சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஹந்தானை எங்களுக்குத் தெற்கே. சூரியன் அங்கே உதிப்பதே இல்லை. கொஞ்ச நேரம் கரித்துண்டைப் பிடித்தபடி நின்றாள். பிறகு மலையுச்சியில் தெரிந்த டிவி கோபுரத்தை, நேர்க்கோடாக, முகட்டின் மேல் நட்டுவைத்தாள்.