கம்பஸ் வந்த காலம்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை ஊரவர் இன்றும் 'கம்பஸ்' என்றே அழைப்பர். நகருக்கு அப்பால், செம்மண் தோட்டங்கள் சூழ்ந்த திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் 1974 ஒக்ரோபரில் யாழ்ப்பாண வளாகம் ஆரம்பமானது. 'தினகரன்' ஆசிரியராக விளங்கிய பேராசிரியர் க. கைலாசபதியே அதன் முதற்றலைவர். 1979 ஜனவரியில் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

இவையெல்லாம் ஆவணங்களில் உள்ளன. ஆவணங்களில் இல்லாதவற்றைக் கேட்டறிய, அயலில் வசிக்கும் மூதாட்டி ஒருவரிடம் சென்றேன்.

"நாங்கள் தோட்டக்காரர், தம்பி. வெளியூர்ப் பிள்ளையள் அறை கேட்டு வந்தினம். வெங்காயம் கட்டித் தூக்கிற அறையை வெள்ளையடிச்சுக் குடுத்தம். அவையள் விடிய விடியப் படிக்கிறதைப் பாத்துத்தான் என்ர மகளுக்கும் கம்பஸ் ஆசை வந்தது" என்றார்.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. அப்போது அவ்வறையிலிருந்த மாணவன் சில நாள்களுக்கு முன்னரே தன் ஊருக்குப் போயிருந்தான். தம் பாத்திரங்களிற் பாதியை விட்டுவிட்டு, அவனுடைய கொப்பிகளைச் சாக்கிற் கட்டிச் சைக்கிளில் ஏற்றினாராம் அம்மையார்.

"சட்டி பானை பிறகும் வாங்கலாம். அவன்ர எழுத்தை ஆர் திருப்பி எழுதுறது?"

மறு ஆண்டு வீடு திரும்பியபோது கொப்பிகளும் திரும்பின. இன்றும் அலுமாரியில் இருக்கின்றன. அவன் வரவில்லை.

நான் ஒரு கொப்பியைப் புரட்டினேன். கடைசிப் பாடம் பாதியில் நின்றிருந்தது. பல்கலைக்கழக வரலாற்றை எழுதுவோர் இத்தகைய வீடுகளின் படலைகளையும் தட்டவேண்டும். திறப்பதற்கு ஆள் இருக்கும்போதே.