ரூர்கேலாவில் நம் பெயர் தாங்கிய அணி

டாட்டாநகரிலிருந்து ரூர்கேலாவுக்கு இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தூரம். சக்ரதர்ப்பூரைத் தாண்டியதும் வயல்வெளி மறைந்து சாரண்டா வனம் தொடங்குகிறது. எழுநூறு குன்றுகள் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். சால மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து சென்று, மனோகர்ப்பூரையும் ஜராய்கேலாவையும் கடந்து, சரக்கு வண்டிகள் வரிசை வரிசையாக நிற்கும் பண்டாமுண்டாவை அடைந்தால், அடுத்து ரூர்கேலாதான். 2025 ஜனவரித் தொடக்கத்தில், நான்கு தமிழ்க் குடும்பத்தார் புளிச்சோற்றுப் பொட்டலங்களுடனும் கம்பளிப் போர்வைகளுடனும் இவ்வழியே சென்றோம். இரும்பாலையைக் காண்பதற்கன்று, ஹாக்கி ஆட்டம் காண்பதற்கு.

2013-இல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக் போட்டி 2017-க்குப் பின் நின்றுபோயிற்று. ஏழாண்டு இடைவெளிக்குப் பிறகு, 2024 டிசம்பர் 28 அன்று ரூர்கேலாவிலேயே அது மீண்டும் உயிர்பெற்றது. முன்னைய போட்டிகளில் தமிழ்நாட்டின் பெயரில் அணி இருந்ததில்லை. இம்முறை ஆடவர்க்கான எட்டு அணிகளில் தமிழ்நாடு டிராகன்ஸ் ஒன்றாக வந்தது. 2024 அக்டோபரில் தில்லியில் நடந்த ஏலத்தில் எட்டு அணிகளும் ஆட்டக்காரர்களைத் திரட்டின. ஓர் அணிக்கு 24 பேர். அவருள் எண்மர் அயல்நாட்டார். இந்தியருள் நால்வரேனும் இளநிலை ஆட்டக்காரராக இருத்தல் வேண்டும் என்பது விதி. ஆகவே நாங்கள் காணச் சென்றது, பிறந்து மூன்று மாதமும் நிறையாத ஓர் அணியை.

வண்டியிலேயே வழக்கு எழுந்துவிட்டது. பதினான்கு வயதான எங்கள் மகன், "அப்பா, நான் கலிங்க அணிக்குத்தான் கை தட்டுவேன். இவர்களில் தமிழர் எத்தனை பேர்? பெயர் மட்டுந்தானே தமிழ்நாடு?" என்றான். அவன் பிறந்தது இப்பக்கத்தில். அவன் நண்பரெல்லாம் இப்பக்கத்தார். மறுமொழி கூற எங்களால் இயலவில்லை. வேறொரு காரணமும் உண்டு. பள்ளியில் ஹாக்கி ஆடப் போன அவனை முந்தைய ஜூன் மாதத்தில் தடுத்து, மட்டையை எடுத்துப் பரண்மேல் வைத்தவர்கள் நாங்களே. படிப்புக் கெட்டுவிடுமே என்ற அச்சம். ஊர்விட்டு வந்த குடும்பங்களுக்கு இவ்வச்சம் சற்று மிகுதி என்பதை அன்பர்கள் அறிவர்.

பிர்சா முண்டா பன்னாட்டு ஹாக்கி மைதானம் 2023 ஜனவரியில், உலகக் கோப்பையை முன்னிட்டுத் திறக்கப்பெற்றது. இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அமர்ந்து காணலாம். பெருநகரங்களை விட்டு ரூர்கேலாவில் இதனை எழுப்பியதேன் என்று வியப்போர், இச்சுந்தர்கட் மாவட்டத்தின் கதையை அறியாதவரே ஆவர். இங்குள்ள பழங்குடிச் சிற்றூர்களில் பிள்ளைகள் மூங்கிலையும் மரக்கிளையையும் வளைத்து மட்டையாக்கி ஆடக் கற்கின்றனர். ஊர்ப் போட்டிகளில் வென்றவர்க்குப் பரிசு வெள்ளாட்டுக் கிடாய். அதனாலேயே அவற்றுக்குக் 'கஸ்ஸி' போட்டிகள் என்று பெயர். வென்ற ஆட்டைச் சமைத்து ஊரே உண்ணுமாம். 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் ஆடிய திலீப் திர்க்கி இம்மாவட்டத்துச் சௌனாமாரா என்னும் சிற்றூரினர். நம் டிராகன்ஸ் அணியின் பின்காவலில் தூணாக நின்ற அமித் ரோஹிதாஸும் அவ்வூரினரே!

விளக்கொளியில் நீலநிறச் செயற்கைப் புல்தரை, நீர் தெளிக்கப்பெற்று ஏரிபோல் மின்னியது. பதினைந்து பதினைந்து நிமிடங்களாக நான்கு பகுதி ஆட்டம். முதற்பகுதியில் நம் அணியைக் கண்டு மனம் சோர்ந்தோம். ஒருவர் அனுப்பிய பந்து, மற்றவர் இருக்கவேண்டிய இடத்துக்குச் சென்றது. அவரோ அங்கே இல்லை. ஒருவர் ஆங்கிலத்தில் கூவுகிறார். ஒருவர் இந்தியில் கூவுகிறார். இன்னொருவர் இரண்டும் விளங்காதவர்போல் கையை விரிக்கிறார். இளைஞர் ஒருவர் அருகிலிருந்த தோழரை நோக்காமல் தாமே பந்தைக் கொண்டோடி மூவரிடையே சிக்கிக்கொண்டார். "பார்த்தீர்களா அப்பா?" என்று மகன் நகைத்தான்.

பிந்திய பகுதிகளில் சிறுகச் சிறுக ஒரு மாற்றம் தென்பட்டது. கூச்சல் குறைந்து, கண்ணாற் பேசத் தொடங்கினர். நெதர்லாந்துக்காரர் தட்டிய பந்தை, நிமிர்ந்து பாராமலே நம் இளைஞர் வாங்கினார். எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தபோது, முழுவேகத்தில் வரும் பந்துக்கு நேராக முதல் ஆளாய்ப் பாய்ந்து செல்லும் பணி ஒருவருடையது. அவர் பாய்ந்ததும் பின்னின்ற மூவரும் ஒரே உடம்பின் உறுப்புகள்போல் இடம் மாறினர். வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதைப் பத்திரிகைகள் மறுநாளே எழுதிவிட்டன. நாங்கள் கண்டது வேறு: வெவ்வேறு ஊரினர் ஓர் அணியாகிக்கொண்டிருந்ததை.

அருகே அமர்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு, "பாபு, நீங்கள் தமிழ்நாட்டாரா?" என்று இந்தியில் வினவினார். ஆம் என்றோம். "உங்கள் அணியில் எங்கள் பிள்ளை ஆடுகிறான். அவனுக்காகத்தான் வந்தேன். கலிங்க அணி ஆடும் நாளில் அவர்களுக்காக வருவேன்" என்றார். இளமையில் தாமும் கிடாய் வென்றவராம். எங்கள் மகன் அதன்பின் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அவரிடமே கிடாய்ப் போட்டியைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்கலானான்.

திரும்பும் வண்டியில் அவனுக்குத் தன்ராஜ் பிள்ளையைப் பற்றிக் கூறினோம். புனே அருகிலுள்ள கட்கியில், பிழைப்புக்காகக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்காக ஆடியவர். ஏதென்ஸில் 2004-ஆம் ஆண்டு அவர் ஆடிய அணிக்குத் தலைவர், சௌனாமாராவின் திலீப் திர்க்கி. மராட்டிய மண்ணில் வளர்ந்த தமிழரும் ஒடிசாவின் பழங்குடி மைந்தரும் ஒரே சட்டை அணிந்தனர். டிராகன்ஸ் அணியிலும் அரியலூரில் பிறந்து, கோவில்பட்டியில் பயின்ற கார்த்தி செல்வத்தின் பக்கத்தில் சௌனாமாராவின் அமித் நின்றார். இவ்வணியில் தமிழர் சிலரே என்பது மெய். ஆயினும் டாட்டாநகரில் நாம் வாழும் தெருவிலும் தமிழர் சிலரே. அதனால் அது நம் தெரு அன்று என்று ஆகிவிடுமா? பந்தை வாங்கவும் கொடுக்கவும் கற்றுக்கொண்ட இடம் எதுவோ, அதுவே நம் இடம்.

அப்பருவத்தில் நம் அணி இறுதி நால்வருள் ஒன்றாயிற்று. கோப்பையோ 2025 பிப்ரவரி 1 அன்று, அதே மைதானத்தில், ஹைதராபாத்தை 4–3 என வென்ற வங்காள அணியைச் சேர்ந்தது. முதல்வாரத் தடுமாற்றத்தைக் கண்டவர்க்கு நான்கில் ஒன்றென்பதும் சிறிதன்று. தொடக்கத்தில் ஓர் அணியை எடைபோடுவோர் கோல்களை மட்டும் எண்ணலாகாது. முதற்பகுதியில் வழிதவறிய பந்து நான்காம் பகுதியில் கைசேர்கிறதா என்று நோக்குதல் வேண்டும். பிள்ளைகளை எடைபோடுவதும் அவ்வாறே.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறை நாளொன்றில் நம் பிள்ளைகளை அம்மைதானத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பெண்மக்களை விட்டுச் செல்லவேண்டாம். 2025 ஜனவரியில் ராஞ்சியில் மகளிர்க்கென நான்கு அணிகளின் லீக் போட்டியும் முதன்முதலாக நடந்தது. வழியிலே சாரண்டா வனத்தைக் காணும் பேறு தனி.

வீடு திரும்பிய மறுநாட் காலை, பரண்மேலிருந்த மட்டையை இறக்கித் தூசு துடைத்து மகன் கையில் கொடுத்தோம். கணக்குப் பாடத்தில் மதிப்பெண் குறையலாகாது என்ற நிபந்தனை உண்டு. அவனும் ஒரு நிபந்தனை விதித்தான்: தமிழ்நாடும் கலிங்கமும் மோதும் நாளில் எந்தப் பக்கம் கை தட்டுகிறாய் என்று அவனை எவரும் கேட்கலாகாது. இசைந்தோம்.