வண்டி அவிழ்க்க ஓர் இடம்

பிரயாணத்துக்கு வண்டி வேண்டும். தங்குவதற்கு வீடு வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்துவிட்டால் என்ன என்ற யோசனை மேனாட்டாருக்குத்தான் முதலில் உதித்தது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில், காற்றுச் சுழன்றடிக்கும் மேட்டுச் சமவெளிகளின் ஆற்றங்கரைகளிலே, சக்கரம் வைத்த வீடுகளை நிறுத்திக்கொண்டும் மரக் குடில்களில் தங்கியும் ஜனங்கள் விடுமுறையைக் கழிக்கிறார்கள். நம் அண்டை நாடாகிய கேரளத்திலும் 2021-ஆம் வருஷத்தில் அரசாங்கத்தார் இவ்வித வண்டிகளுக்கென்றே ஒரு திட்டம் வகுத்தார்கள். அதைப் பற்றிப் படித்த நாள் முதல் என் குழந்தைகள் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை.

என் தகப்பனாருக்கு வயது எழுபத்தாறு. விஷயத்தைக் கேட்டதும் அவர், "இது என்னடா அதிசயம்? கூண்டு வண்டிக்குள் குளிர்சாதனம் வைத்திருக்கிறான், அவ்வளவுதானே!" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. திருமங்கலத்துக்கு அப்பாலுள்ள கரிசல் கிராமம் எங்களுடையது. அவருடைய சிறு பிராயத்தில் சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் ஊரே கூண்டு வண்டிகளைப் பூட்டிக்கொண்டு மதுரைக்குப் புறப்படுமாம். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, புளியோதரை மூட்டையுடன் மாலையில் கிளம்பினால், பொழுது விடியும்போது வைகைக் கரை. ஆற்று மணலில் மாடுகளை அவிழ்த்துவிட்டு மூன்று கல்லைக் கூட்டி வைத்தால் அதுவே வீடு. மணலைக் கையால் தோண்டினால் ஊற்று, அதுவே குடிதண்ணீர். மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் திருவிழாவோடு சேர்த்துவைத்தவர் திருமலை நாயக்கர் என்பது வழங்கிவரும் வரலாறு. அவர் ஆண்ட காலம் 1623 முதல் 1659 வரை. ஆகவே வண்டியிலே குடித்தனம் செய்து ஆற்றிலே முகாம் போடும் வித்தை நமக்குப் புதிதல்லவே!

"சாவதற்கு முன்னால் இன்னொரு ராத்திரி ஆற்று மணலில் படுக்க வேண்டும்" என்றார் தகப்பனார். மதுரையில் அதற்கு வழியில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆற்றை எதிர்த்து மேற்கே போவது என்று தீர்மானித்தோம்.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பள்ளிக்கூடம் விட்டதும் புறப்பட்டோம். வாடகைக்குப் பிடித்த அந்த மோட்டார் வீட்டில் படுக்கை நான்கு, அடுப்பு ஒன்று, ஐஸ் பெட்டி ஒன்று. உசிலம்பட்டியைக் கடந்து ஆண்டிபட்டிக் கணவாய்க்குள் நுழைந்ததும் காற்று எங்களை எதிர்கொண்டழைத்தது. கணவாய்க்கு அப்பால் காற்றாலைகள் நிரைநிரையாகச் சுழல்கின்றன. மேல்காற்று தன்னிடமுள்ள மழையை மலைக்கு அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, மலைத்தொடரின் தாழ்வான இடங்கள் வழியாக வறண்ட காற்றாய் இந்தப் பக்கம் பாய்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய நான்கும் தமிழ்நாட்டின் பேர்பெற்ற காற்று வாசல்கள்.

தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டிக் கம்பம் போய்ச் சேர்ந்தோம். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் உள்ள பள்ளத்தாக்கு அது. ஒரு பக்கம் மேகமலை. மறு பக்கம் இடுக்கி மலைகள். நடுவிலே நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் திராட்சைப் பந்தல்களும். 2023-ஆம் ஆண்டில் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வளவு பசுமைக்கும் காரணம், 1895-ஆம் ஆண்டில் பென்னிகுக் துரை கட்டி முடித்த பெரியாற்று அணை. மேற்கே ஓடிய நதியை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அந்த வேலைக்காகக் காட்டிலே முகாமிட்டிருந்த தொழிலாளிகளில் எத்தனையோ பேர் நோய்க்கு இரையானார்கள். நாம் உல்லாசமாக முகாம் போடும்போது, பிழைப்புக்காக முகாம் போட்டவர்களையும் நினைக்க வேண்டும்.

முல்லையாற்றங்கரையில் தெரிந்தவர் ஒருவருடைய தோப்பு. அதிலே தாழ்வான கீற்றுக் குடில் ஒன்று. கூரைமேல் கயிறு போட்டு, அதன் நுனிகளில் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தகப்பனார் குடிலில், நாங்கள் மோட்டார் வீட்டில். இரவு பத்து மணிக்கு அந்த வீடு தொட்டில் ஆடத் தொடங்கிற்று. என் மனைவி வெளியே வைத்த அடுப்போ பற்ற வைக்கப் பற்ற வைக்க அணைந்தது.

தகப்பனார் எழுந்து வந்தார். டிரைவரைப் பார்த்து, "தம்பி, வண்டியின் விலாவைக் காற்றுக்குக் காட்டினால் ஆடாமல் என்ன செய்யும்? மூக்கைத் திருப்பிக் காற்றுக்கு நேராக வை. தென்னை மரத்தடியிலும் நிறுத்தாதே, மட்டை விழும்" என்றார். அவ்விதமே செய்ததும் ஆட்டம் அடங்கியது. பிறகு மண்வெட்டியால் ஒரு முழ ஆழம் குழி பறித்து, அதற்குள் கல்லைக் கூட்டி நெருப்பு மூட்டினார். தலைக்கு மேலே காற்று ஊளையிட, குழிக்குள் சுடர் அசையாமல் நின்றது.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும், மாமா?" என்று கேட்டாள் என் மனைவி.

"எங்கப்பா வண்டியை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன், அம்மா" என்றார் அவர்.

மறுநாள் தகப்பனார் பேரனையும் பேத்தியையும் ஆற்றோரத்துக்கு அழைத்துப் போனார். நீரோட்டத்துக்குப் பத்தடி தள்ளி மணலைத் தோண்டினார்கள். முதலில் கலங்கல் ஊறியது. அதை இறைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். இரண்டாந்தரம் தெளிந்த நீர் ஊறிற்று. குழந்தைகள் கூச்சலிட்டார்கள். தகப்பனார் மட்டும் ஒன்றும் பேசாமல் உள்ளங்கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்றிரவு அவர் விருப்பப்படி மணலிலேயே பாய் விரித்தோம். ஆனால் ஆற்றுக்குள்ளே அல்ல. மலையில் மழை பெய்தால் சொல்லாமல் தண்ணீர் வரும் என்று கரையோரத்து மேட்டு மணலைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். காற்று இரவு முழுவதும் போர்வையைப் பிடுங்கியது. எனக்குத் தூக்கமில்லை. அவரோ விடியும்வரையில் அயர்ந்து தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, 1959-இல் திறந்துவைத்த வைகை அணையைப் பார்த்துவிட்டு மதுரை திரும்பினோம். ஆல்பர்ட் விக்டர் பாலத்தின்மேல் வண்டி ஊர்ந்தபோது தகப்பனார் கீழே எட்டிப் பார்த்தார். இரு கரையிலும் சுவர். நடுவிலே சாக்கடை நீரும் ஆகாயத் தாமரையும். அவருடைய சிறு வயதுக் கூண்டு வண்டி நின்ற மணல் எங்கே?

"வண்டி நன்றாகத்தான் இருக்கிறது" என்றார் அவர். "அவிழ்த்துப் போடத்தான் இடமில்லை."

யாருடைய குற்றம் என்று இங்கே விசாரிக்கப் போவதில்லை. மணலை வாரியதும் நாம்தான்; சாக்கடையைத் திருப்பியதும் நாம்தான். மாநிலம் முழுவதும் சக்கர வீடுகள் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அவற்றுக்காகப் புதிய இடங்களைச் செப்பனிடுவதற்கு முன்னால், பழைய இடமாகிய வைகையிலே ஒரு பர்லாங்கு தூரமாவது மணலாகக் கிடக்கும்படி செய்யலாகாதா? ஏழையும் பணக்காரரும் வாடகையின்றி ஓர் இரவு தங்கிப் போகும் சத்திரமாக அந்த ஆறு இருந்தது. என் குழந்தைகளுக்கு ஊற்றுத் தோண்டத் தெரிந்துவிட்டது. சொந்த ஊர் ஆற்றிலே அவர்கள் அதைத் தோண்டிப் பார்க்கும் நாளும் வர வேண்டும்.