படங்கு எங்கே காயும்?

ட்ரைசூட் என்று ஓர் உடுப்பு இருக்கிறது. குளிர்ந்த ஆற்றிலும் கடலிலும் கயாக் ஓட்டுகிறவர்கள் போடுவது. கழுத்திலும் மணிக்கட்டிலும் றப்பர் வளையம் இறுக்கிப் பிடிக்கும், மார்பில் தண்ணீர் புகாத சிப் இருக்கும், உள்ளே கம்பளி உடுப்புப் போட்டுக்கொண்டு ஐஸ் தண்ணீரில் விழுந்தாலும் உடம்பு நனையாது. நல்லதாக ஒன்று வாங்க ஆயிரம் டொலரைத் தாண்டும். விடுதியில் நித்திரை வராத ஒரு இரவு யூடியூப் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது. ஒரு மனிதர் தன் ட்ரைசூட்டைப் பராமரிப்பது எப்படி என்று இருபது நிமிசம் பேசினார். முழுவதையும் பார்த்தேன்.

அவர் சொன்னது இவ்வளவுதான். ஒவ்வொரு முறை பாவித்த பிறகும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வெயிலில் போடக்கூடாது, காற்றோட்டமான நிழலில் தொங்கவிட வேண்டும். வெளிப்பக்கம் காய்ந்த பிறகு உட்பக்கத்தை வெளியே திருப்பி மறுபடியும் காய விட வேண்டும். உலோக சிப்புக்கு மெழுகு பூச வேண்டும். றப்பர் வளையங்களில் எண்ணெய் படக்கூடாது, சன்ஸ்க்ரீன் பூசிய கையால் தொடவே கூடாது. எடுத்து வைக்கும்போது பவுடர் போட வேண்டும். மடித்து மேலே பாரம் வைத்தால் மடிந்த இடத்தில் வெடிக்கும். இவ்வளவையும் செய்தாலும் சில வருசத்தில் வளையம் பழுதாகும், மாற்ற வேண்டும்.

முழுவதையும் பார்த்ததற்குக் காரணம் எங்கள் வீட்டிலும் ஒன்று இருப்பதுதான். அதன் பெயர் படங்கு.

யாழ்ப்பாணத்துத் தோழியிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் அவளுக்கு நெல் காயப்போடும் பெரிய விரிப்புத்தான் ஞாபகம் வரும். எங்களுக்கு அது இடுப்பில் சுற்றிக் கட்டுவது. கொழுந்து எடுக்கிற பெண்கள் பாவாடைக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே வரை தொங்கும்படி கயிற்றால் இறுக்குவார்கள். காலையில் தேயிலைச் செடியில் பனித்தண்ணீர் நிற்கும், கவ்வாத்து வெட்டிய கிளைகள் குத்தும். இரண்டையும் தாங்குவது அதுதான். மழைக்குத் தலையிலிருந்து முதுகு வரை இன்னொரு சீட். சிலருக்கு றப்பர் பூசினது, சிலருக்கு வெறும் பொலித்தீன், சிலருக்கு உரப்பையைப் பிரித்துத் தைத்தது. அம்மாவிடம் மூன்றும் இருக்கிறது, எதுவும் முழுசாக இல்லை.

பதுளைப் பக்கத்து மழை நுவரெலியாவின் மழை மாதிரி அல்ல. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை எங்களுக்குக் காய்ந்த காற்றுத்தான், ஊவாத் தேயிலைக்கு ஏலத்தில் பெயர் வாங்கித் தருகிற காற்று. ஒக்டோபரில் மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு தொடங்கும். டிசெம்பர் வந்தால் நமுனுகுலப் பக்கம் மலை தெரியாது. ஜனவரியிலும் விட்டு விட்டுப் பெய்யும். இந்த நாலு மாதமும் படங்கு ஒரு நாளும் முழுதாகக் காய்வதில்லை.

மழையைத் தடுக்கிற உடுப்புக்கு எப்போதும் இரண்டு எதிரிகள். ஒன்று வெளியே பெய்கிறது, மற்றது உள்ளே வேர்க்கிறது. 1823இல் ஸ்கொட்லாந்துக்காரரான சார்ள்ஸ் மெக்கின்டொஷ், றப்பரை நப்தாவில் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவே பூசிக் காப்புரிமை வாங்கினார். மழை நின்றது, ஆனால் வேர்வை உள்ளேயே தங்கிவிட்டது. சூட்டில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். பிசுபிசுப்பும் விறைப்பும் றப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கும் முறை வந்த பிறகு குறைந்தன. வேர்வைப் பிரச்சினை மட்டும் நூறு வருசத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. 1969இல் அமெரிக்காவில் பொப் கோர், டெப்லோனை வேகமாக இழுத்து விரித்து, ஆவி வெளியேறக்கூடிய, தண்ணீர்த் துளி நுழைய முடியாத ஒரு சவ்வைக் கண்டுபிடித்தார். விலை கூடின ட்ரைசூட்களில் இருப்பது அந்த வகைச் சவ்வுதான். அம்மா இன்னும் மெக்கின்டொஷின் காலத்தில் இருக்கிறார். மலை ஏறி இறங்கி வரும்போது படங்குக்கு வெளியே எவ்வளவு ஈரமோ உள்ளேயும் அவ்வளவு ஈரம். "மழ நனைச்சா என்ன, வேர்வ நனைச்சா என்ன, நனைஞ்சது நனைஞ்சதுதான்" என்பார்.

அதற்கு முன்னால் கம்பளி இருந்தது. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்தவர்களுக்குத் துரைமார் கொடுத்த முரட்டுக் கம்பளி. இரவில் போர்வை, மழையில் தலைக்குக் கொங்காணி. சும்மா கொடுக்கவில்லை, அதன் காசு தொழிலாளியின் கடன் கணக்கில் ஏறியது. கம்பளியில் ஒரு நல்ல குணம் உண்டு, நனைந்தாலும் ஓரளவு சூடு பிடித்து வைக்கும். ட்ரைசூட்டுக்கு உள்ளே இன்றைக்கும் கம்பளி போடச் சொல்வது அதனால்தான். ஆனால் ஊறினால் பாரம் தாங்காது. அந்தப் பாரத்தோடு மலையில் நின்ற பாட்டிமாரைப் பற்றிக் கோப்பி வரலாறு எழுதினவர்கள் அதிகம் எழுதவில்லை. கப்பல் கணக்கும் அந்தர் கணக்கும் நிறைய எழுதினார்கள்.

பராமரிப்புக்கு வருகிறேன். படங்குக்குக் கையேடு இல்லை. ஆனால் எங்கள் லயத்தில் கடைசிக் காம்பராவில் இருக்கிற பெரியம்மாவிடம் கேட்டால் அந்த யூடியூப் மனிதரை விட நன்றாகச் சொல்வார்.

வேலை முடிந்து வந்ததும் பீலித் தண்ணீரில் அலசிவிட வேண்டும். மண்ணும் கொழுந்துச் சாறும் அப்படியே காய்ந்தால் சீட் முரடாகி, அடுத்த நாள் இடுப்பை அறுக்கும். அலசும்போதே மடிப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அட்டை ஒளிந்திருக்கும். மருந்து அடித்த மலையில் வேலை செய்த நாளென்றால் சவுக்காரம் போட்டு இரண்டு தரம் கழுவ வேண்டும், அந்தத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடக்கூடாது.

றப்பர் சீட்டைத் தலைக்குப் போடுகிறவர்கள் உள்ளே ஒரு துணி கட்டிக்கொள்ள வேண்டும் என்று பெரியம்மா கண்டிப்பாகச் சொல்வார். குளிருக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன். "தலையில வெக்கிற எண்ண பட்டா றப்பர் செத்துப் போயிரும் புள்ள" என்றார். தேங்காய் எண்ணெய்தான் எங்கள் ஊர் சன்ஸ்க்ரீன். எண்ணெய் பட்ட இயற்கை றப்பர் ஊதி, இளகி, பிசுபிசுத்து, பிறகு கிழியும். விதி ஒன்றேதான்.

ஓட்டை விழுந்தால் முதலில் அது என்ன சீட் என்று பார்க்க வேண்டும். றப்பர் என்றால் பழைய சைக்கிள் டியூபில் ஒரு வட்டம் வெட்டி, இரண்டு பக்கமும் கல்லில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, சொலுசன் பூசி, உடனே ஒட்டாமல் விரலில் ஒட்டாத அளவுக்குக் காய விட்டுப் பிறகு அழுத்த வேண்டும். பசறை நகரத்துக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டால் டயர் கடையிலிருந்து சின்ன சொலுசன் டியூப் வாங்கி வருவார்கள். பொலித்தீன் என்றால் சொலுசன் வேலை செய்யாது, எந்தப் பசையும் அதில் சரியாகப் பிடிக்காது. அதற்குச் சூடுதான். மேலே ஒரு பொலித்தீன் துண்டு, அதற்கு மேலே பழைய பேப்பர், அடுப்பில் காய்ச்சிய கரண்டியின் முதுகால் மெதுவாக ஒரு இழுப்பு. பேப்பர் இல்லாவிட்டால் கரண்டியில் ஒட்டிக்கொண்டு வரும், சூடு கூடினால் சின்ன ஓட்டை பெரிய ஓட்டையாகும். பெரியம்மா செய்த ஒட்டு ஒரு மழைக்காலம் தாங்கும். வாரவாரம் ஞாயிற்றுக்கிழமை யாராவது இரண்டு பேர் கிழிந்த சீட்டோடு அவர் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். கையில் கொஞ்சம் சீனியோ பலாக்கொட்டையோ இருக்கும்.

ஆக, இந்தக் கலையில் குறை ஒன்றும் இல்லை. லீவுக்குப் போனபோது அந்தக் காணொளியை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் புரியாது, ஆனால் அவர் அலசுவதையும் தொங்கவிடுவதையும் கவனமாகப் பார்த்தார். உடுப்பு என்ன விலை என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டது வேறு.

"அது என்னா எடம்? எங்க காயப்போடுறான்?"

திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அது அவருடைய வீட்டுக் கராஜ். கார் நிற்கிற அளவு இடம், மேலே கூரை, ஒரு பக்கம் திறந்து காற்று வருகிறது, நீளமாக ஒரு கம்பி. அந்த இருபது நிமிசத்தில் அவர் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அது இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் இஸ்தோப்பு. அங்கேதான் விறகு, தண்ணீர்க் குடம், தம்பியின் மேசை, கோழிக்கூடு. மழைக்காலத்தில் நாலு பேரின் உடுப்பும் அங்கேதான் தொங்கும். தம்பியின் ஸ்கூல் சட்டை காயாவிட்டால் அவன் போக முடியாது, ஆகவே கயிற்றில் முதல் இடம் சட்டைக்கு. படங்கு சுவரோரம் சாய்ந்து நிற்கும். அடுப்புக்கு மேலே பரணில் போட்டால் காயும், ஆனால் புகையும் சூடும் பட்டுச் சீட் விறைத்து மடிப்பில் வெடிக்கும். வெளியே வேலியில் போட்டால் மழை, மழை விட்ட நாளில் வெயில், வெயில் பட்டால் பொலித்தீன் நொறுங்கும். நிழல் வேண்டும், காற்று வேண்டும், கூரை வேண்டும், நேரம் வேண்டும். காலை ஏழரைக்குப் பெரட்டுக்களத்தில் நிற்கிறவர் முதல் நாள் ஈரத்தையே திரும்பக் கட்டிக்கொண்டு போகிறார். அம்மாவின் இடுப்பில் கயிறு பதிந்த இடம் நவம்பரில் சிவந்தால் பெப்ரவரியில்தான் ஆறும். கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண். அதற்குத் தோட்ட டிஸ்பென்சரியில் ஊதா மருந்து தருவார்கள். மருந்து பூசிய காலோடு மறுபடியும் ஈரத்துக்குள்.

இதைச் சின்ன விசயம் என்று நினைப்பதற்கு எங்கள் ஆட்களுக்கே காரணம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் பெருமழை பெய்தால் முதலில் எல்லோரும் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்ணைத்தான் பார்க்கிறார்கள். உயிர் பயம் இருக்கிற இடத்தில் ஈரத் துணியைப் பற்றிப் பேச வெட்கமாக இருக்கும்.

ஆனால் தோட்டத்துக்கு ஈரத்தைப் பற்றி நன்றாகத் தெரியும். மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கிலோ கழிப்பார்கள். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனபோது எங்கள் தோட்டத்தில் ஒரு பேருக்கு எடுக்க வேண்டிய கிலோவும் கூடியது, மழைக்கும் அதே கிலோதான். கொழுந்தில் இருக்கிற தண்ணீருக்குக் கணக்கு இருக்கிறது. கொழுந்து எடுத்தவரின் மேல் இருக்கிற தண்ணீருக்கு ஒரு நாளும் ஒரு கிராம் கழித்ததில்லை. படங்கையும் அவரவர்தான் வாங்க வேண்டும். முன்னொரு காலத்தில் கொடுத்தார்கள் என்று பெரியம்மா சொல்வார், நான் பார்த்ததில்லை.

அதே கொழுந்து ஃபெக்டரிக்குப் போனதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பச்சைக் கொழுந்தின் பாரத்தில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு தண்ணீர். அதை நீளமான தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து காற்று ஊதி, ராத்திரி முழுக்க வாட விடுவார்கள். மழை நாளென்றால் காற்றைச் சூடாக்கி ஊதுவார்கள். கடைசியில் அடுப்பில் காய்ந்து வெளியே வரும் தூளில் 3 சதவீதம் போல ஈரம்தான் மிஞ்சும். நிழல், காற்று, கூரை, நேரம் எல்லாம் இலைக்குக் கிடைக்கிறது. ஃபெக்டரி அடுப்புப் பக்கத்துச் சுவர் ராத்திரியிலும் கை வைக்க முடியாத சூடு. சின்னப்பிள்ளையில் குளிருக்கு அங்கே போய் முதுகைச் சாய்த்திருக்கிறோம், வோச்சர் துரத்துவார்.

போன டிசெம்பரில் ஒரு கடிதம் எழுதினேன். அந்தச் சுவரோரம் இருக்கிற தகரக் கூரைக்குக் கீழே பழைய பெட்டிகள்தான் கிடக்கின்றன. அதை ஒதுக்கிவிட்டால், வேலை முடிந்து போகும்போது படங்கைத் தொங்கவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்ளலாம். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எழுத எழுத அத்தைமார் சுற்றி நின்று திருத்தினார்கள். "கேக்குறோம்னு எழுதாத, கேட்டுக்கொள்கிறோம்னு எழுது" என்றார் ஒருவர். இன்னொருவர் படங்கு மாறிப்போகாமல் நூலில் நிறம் கட்டிவிடலாம் என்றார். பதினாலு பேர் கையெழுத்து வைத்தார்கள், பெரியம்மா பெருவிரல் வைத்தார்.

நான் கம்பஸுக்குத் திரும்புகிற வரைக்கும் ஒபிஸிலிருந்து பதில் இல்லை. பொங்கலுக்குப் பிறகு அம்மா கோல் எடுத்து, இன்னொரு கடிதம் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார், தம்பி பிரிண்ட் எடுப்பான் என்று. முதல் கடிதத்தில் இருந்ததையே திரும்ப எழுது, கடைசியில் மட்டும் ஒரு வரி சேர்த்துவிடு என்றார்.

"கயிறு நாங்களே வாங்கிக்கிறோம்னு போடு."