கீழ்ப்பிரிவில் ஓராண்டு

தமிழாசிரியனுக்கும் காற்பந்துக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் சிலர் என்னைக் கேட்டதுண்டு. யாப்பும் இலக்கணமும் கற்பிப்பவன், சனிக்கிழமை மாலையில் விளையாட்டரங்கிற்குச் சென்று தொண்டை கம்மக் கத்திவிட்டு வருவது தகுமா என்பது அவர்களின் ஐயம். "வகுப்பில் நான் கற்பிப்பதும் அணிதான், மாலையில் காணச் செல்வதும் அணிதான்" என்று சொல்லி நகைத்து விடுவேன். ஆயினும் அந்த நகைப்புக்குப் பின்னால் நான் எவரிடமும் சொல்லாத செய்தி ஒன்று நெடுநாள் மறைந்திருந்தது. ஓர் அணி வீழ்ந்தபோது நான் நடந்துகொண்ட முறையும், ஒரு மாணவன் அதனை எனக்கு உணர்த்திய முறையுமே அச்செய்தி. முதுமையில் அதனை எழுதிவைப்பது நலம் என்று தோன்றுகிறது.

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த என் தலைமுறையினருக்கு மலேசியக் கிண்ணம் வெறும் விளையாட்டுப் போட்டியன்று. 1921ஆம் ஆண்டில் மலாயாக் கிண்ணம் என்ற பெயரில் அது தொடங்கியபோது, முதற்கிண்ணத்தை வென்றதே சிங்கப்பூர்தான். துறைமுகத்தில் வேலை பார்த்த என் தந்தையார் என்னைத் தோளில் ஏற்றி ஜாலான் புசார் அரங்கிற்கு அழைத்துச் சென்ற நாளிலேயே அந்தப் பற்று என்னுள் வேரூன்றிவிட்டது. 1973ஆம் ஆண்டில் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. ஐம்பத்தையாயிரம் பேர் அமரக்கூடிய அவ்வரங்கில், பலகை இருக்கைகளைக் காலால் உதைத்து மக்கள் எழுப்பிய பேரொலிக்குக் 'காலாங் முழக்கம்' என்றே பெயர் வழங்கலாயிற்று. 1977ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் பினாங்கை 3–2 என்ற கணக்கில் நம்மவர் வென்றபோது, எங்கள் அடுக்குமாடியின் தாழ்வாரங்களில் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டதை இன்றும் மறக்க இயலவில்லை.

அந்த அரங்கில் ஒருவகைச் சமத்துவம் நிலவியது. நடுவர் தவறாகத் தீர்ப்பளித்தால் "காயு! காயு!" என்று பல்லாயிரம் குரல்கள் ஒன்றாய் எழும். மலாய்மொழியில் அச்சொல் மரக்கட்டையைக் குறிக்கும். நடுவரை மரக்கட்டை என்று வைவதில் எல்லா இனத்தாருக்கும் உடன்பாடு இருந்தது! வாயிலில் நம் தமிழர் ஒருவர் கச்சாங் பூத்தே விற்றுக்கொண்டிருப்பார். வறுத்த கடலையும் முறுக்கும் நிறைந்த காகிதக் கூம்பை அவரிடம் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால்தான் எனக்கு ஆட்டம் தொடங்கியதாக மனம் ஒப்பும்.

இனி, வீழ்ச்சியின் கதைக்கு வருவோம்.

1989ஆம் ஆண்டில் மலேசியக் காற்பந்தில் பகுதித் தொழில்முறை லீக் அமைக்கப்பட்டது. அதில் பிரிவுகள் இரண்டு. முதற்பிரிவின் பட்டியலில் அடியில் நிற்கும் அணிகள் மறு ஆண்டு இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும் என்பது விதி. கிண்ணப் போட்டியில் தோற்பதற்கும் இவ்வாறு இறக்கப்படுவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. கிண்ணத்தில் தோற்றவன், அன்று மழை பெய்தது என்றோ நடுவர் வஞ்சித்தார் என்றோ சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்ளலாம். இறக்கத்திற்கு அத்தகைய ஆறுதல் இல்லை. தோல்வி ஒரு நாளுக்குரியது; இறக்கமோ ஓராண்டின் கணக்கு. வாரந்தோறும் இழந்த புள்ளிகள் ஒன்றாய்க் கூடி, "உன் இடம் இதுவன்று" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகின்றன.

1992ஆம் ஆண்டில் அந்தக் கணக்கு நமக்கு எதிராக முடிந்தது. சிங்கப்பூர் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. புண்ணில் வேல் பாய்ந்தாற்போல் மற்றொன்றும் நிகழ்ந்தது. நம் மண்ணின் மைந்தரான ஃபாண்டி அகமது அவ்வாண்டு பகாங் அணியில் ஆடினார். பகாங் லீக் பட்டத்தையும் மலேசியக் கிண்ணத்தையும் சேர்த்தே வென்றது. நம் பிள்ளை அயல்வீட்டில் விளக்கேற்ற, நம் வீடு இருண்டு கிடந்தது.

அந்நாளில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மாலைதோறும் கூடிய இரசிகர்களைக் கண்டபோது, துயரம் எத்தனை வேடம் புனையும் என்பதை உணர்ந்தேன். ஒருவர் சினந்தார்: பயிற்றுநர் முதல் பந்து பொறுக்கும் சிறுவன் வரை எவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒருவர் எள்ளி நகையாடினார்: "அடுத்த ஆண்டு பள்ளிப் பிள்ளைகளோடு ஆடட்டும்" என்றார். ஒருவர் கணக்கிட்டார்: இந்த ஆட்டத்தில் சமநிலை கண்டிருந்தால், அந்த ஆட்டத்தில் ஒரு கோல் கூடியிருந்தால் என்று தாளில் எழுதி எழுதிக் கூட்டினார். இன்னொருவர் இனித் தொலைக்காட்சியில் ஆங்கிலேயரின் ஆட்டங்களையே காண்பதாக அறிவித்து, லிவர்பூல் அணியின் சிவப்புச் சட்டை ஒன்றையும் வாங்கி அணிந்துகொண்டார். மலாய் முதியவர் ஒருவர் மட்டும் ஒன்றும் பேசாமல் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

இவர்களுள் நான் எவ்வகையினன்? சினக்கவும் இல்லை, நகைக்கவும் இல்லை. திருத்த வேண்டிய கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன என்று சொல்லி, மெல்ல விலகிக்கொண்டேன். சினந்தவர்க்காவது அணியின்மேல் உரிமை இருந்தது. எனக்கோ சாக்கு இருந்தது.

1993ஆம் ஆண்டுப் பள்ளித் தவணை தொடங்கியது. நான் பணியாற்றிய பள்ளியில் அவ்வாண்டு உயர்நிலை மூன்று வழக்கநிலை வகுப்புக்கும் தமிழ் கற்பிக்க நேர்ந்தது. முதல் நாள் வகுப்பில் கடைசி வரிசையில் தலைகுனிந்து ஒரு மாணவன் அமர்ந்திருந்தான். முந்திய ஆண்டு விரைவுநிலை வகுப்பில் என் முன்வரிசையில் இருந்து காற்பந்து பற்றி ஓயாது பேசியவன் அவன். ஆண்டிறுதித் தேர்வில் மதிப்பெண் குறையவே, வழக்கநிலைக்கு மாற்றப்பட்டிருந்தான். நான்கு ஆண்டுகளில் முடிய வேண்டிய படிப்பு அவனுக்கு இனி ஐந்தாண்டு. அதனினும் பெரிது, பழைய தோழர்கள் நடைவழியில் அவனைக் கண்டால் பார்வையைத் திருப்பிக்கொண்டு சென்றது.

அன்று நான் நடத்தியது திருக்குறளில் நட்பாராய்தல் என்னும் அதிகாரம். நண்பரை ஆராய்ந்து கொள்ளும் திறத்தை விளக்கிக்கொண்டிருந்த என் நாவே, வகுப்பைச் சிரிக்கவைக்கும் ஆசையில் தடுமாறியது. அவனைப் பார்த்து, "என்னப்பா, நம் அணியைப் போலவே நீயும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டாயா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. எழுந்து நின்றான். குரலில் மரியாதை குறையாமல், "ஆமாம் ஐயா. ஆனால் இறங்கிவிட்டது என்பதற்காக நான் அணியைப் பார்க்கப் போகாமல் இருக்க மாட்டேன். நீங்கள் வருவீர்களா, ஐயா?" என்றான்.

இருபது ஆண்டுக்கால ஆசிரியப் பணியில் அத்தகைய வினாவை எந்த மாணவனும் என்னிடம் தொடுத்ததில்லை. அவன் கேட்டது ஒரு வினாவன்று, இரண்டு. ஒன்று அணியைப் பற்றியது. மற்றொன்று அவனைப் பற்றியது. "வருகிறேன்" என்ற ஒரு சொல்லைத் தவிர எனக்கு வேறொன்றும் வாயில் எழவில்லை. வகுப்பு முடிந்தபின் அவனைத் தனியே அழைத்து, நான் சொன்னது பிழை என்றேன். "பரவாயில்லை ஐயா" என்று அவன் சொன்ன வேகத்திலேயே, அப்புண் எவ்வளவு ஆழமானது என்பது விளங்கிற்று.

ஆட்டங்கள் தொடங்கியதும் ஒரு மாலை காலாங்கிற்குச் சென்றேன். வாயிலில் கச்சாங் பூத்தேக்காரர் என்னைக் கண்டதும், "வாங்க வாத்தியாரையா, ரொம்ப நாளாக் காணோமே!" என்றார். நாணத்தோடு, வேலை மிகுதி என்று பழைய சாக்கையே சொன்னேன். அவர் கூம்பில் கடலையை நிரப்பிக்கொண்டே, "கூட்டம் நெறஞ்ச அன்னைக்கு வர்றவங்க மொகம் ஒண்ணும் நெனவுல நிக்காது, ஐயா. கொறஞ்ச அன்னைக்கு வர்றவங்க மொகந்தான் நிக்கும்" என்றார். வகுப்பறையில் ஓர் அதிகாரம் முழுவதையும் விளக்கி நான் சொல்ல முனைந்ததை, அவர் கடலை அளக்கும் நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

உள்ளே எங்கள் வரிசையில் பல இடங்கள் வெறுமையாய்க் கிடந்தன. என் மாணவன் தன் தமையனோடு அமர்ந்திருந்தான். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் தந்தான். காப்பியை ஆற்றிக்கொண்டிருந்த அந்த மலாய் முதியவரும் இரண்டு வரிசைக்கு முன்னால் இருந்தார். அவர் ஓர் ஆட்டத்தையும் தவறவிடவில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன். அன்று நாங்கள் எழுப்பிய ஒலி முழக்கமன்று. ஆயினும் ஒவ்வொருவர் குரலும் தனித்தனியே கேட்டது. ஆட்டக்காரர்களின் செவிக்கும் அது எட்டியிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

அவ்வாண்டின் நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அணி மெல்ல மெல்லத் தலைநிமிர்ந்தது. புருணைக்கு எதிராக வி. சுந்தரமூர்த்தி, கோலுக்கு முதுகு காட்டியவாறே வானில் எழுந்து, கத்தரிக்கோல் போல் கால்களை வீசி அடித்த கோலைப் பற்றிச் சிங்கப்பூரில் பேசாத வாயில்லை. அடுத்து வந்த பள்ளி நாளில் என் மாணவன் வகுப்பின் முன்னால் நின்று அதனை வருணித்தான். அவன் தமிழில் தடையின்றிப் பேசி நான் கேட்ட முதற்சொற்பொழிவு அதுவே! இடங்கள் நிறைந்தன, சிவப்புச் சட்டைக்காரரும் திரும்பி வந்தார். இரண்டாம் பிரிவில் ஆடிய அணி அவ்வாண்டு மலேசியக் கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை சென்று, கெடாவிடம் 2–0 எனத் தோற்றது. தோற்ற அன்று எவரும் எள்ளவில்லை.

மறு ஆண்டு ஃபாண்டி அணித்தலைவராக முன்னின்று நடத்த, சிங்கப்பூர் லீக் பட்டத்தையும் வென்றது. 1994 டிசம்பர் 17ஆம் நாள் ஷா ஆலம் அரங்கில் அதே பகாங்கை 4–0 எனத் தோற்கடித்து, மலேசியக் கிண்ணத்தையும் கைப்பற்றியது. அப்பாஸ் சாத் மூன்று கோல்களையும் ஃபாண்டி ஒன்றையும் அடித்தனர். பேருந்துகளில் திரண்டு சென்ற இரசிகர்களுள் என் மாணவனும் ஒருவன். மறுநாள் தொலைபேசியில், "நாலு கோல், ஐயா" என்றான். அதற்குமேல் அவனுக்குக் குரல் எழும்பவில்லை.

இக்கதை இங்கு முடிந்திருப்பின், 'வீழ்ந்தவர் எழுவர். ஆதலின் வீழ்ந்தவரை இகழற்க' என்று நீதி கூறி நானும் முடித்திருப்பேன். வாழ்க்கை அவ்வளவு எளிய நீதியைத் தருவதில்லை. 1995ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே சிங்கப்பூர் அப்போட்டிகளை விட்டு விலகியது. நுழைவுச்சீட்டு வருமானப் பங்கீடு பற்றிய பிணக்கும், ஆட்டங்களை விலைபேசும் சூதின் நிழலும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 1996இல் நமக்கென ஒரு லீக் பிறந்தது. பழைய அரங்கும் 2007இல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. வென்ற கிண்ணமும் முழங்கிய அரங்கும் நம் கையில் நிலைக்கவில்லை.

ஆகவே, ஏறும் என்று அறிந்தா நாங்கள் 1993இல் அங்கு அமர்ந்திருந்தோம் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். இல்லை. ஏறாமலே போயிருந்தாலும் அந்த மாலைகள் வீண் ஆகியிரா. எழுவான் என்ற நம்பிக்கையில் ஒருவன் அருகில் நிற்பது ஒருவகை வாணிகம். முதலீடு செய்து ஊதியத்திற்குக் காத்திருத்தல். அவன் நம்மவன் என்பதற்காகவே நிற்பதுதான் உறவு. என் நினைவில் இன்று ஒளியோடு நிற்பது ஷா ஆலத்தின் நான்கு கோல்கள் அல்ல. காலியான பலகையில் ஒரு சிறுவன் நகர்ந்து எனக்கு இடம் தந்த அந்தக் கணமே.

அவன் ஐந்தாம் ஆண்டும் பயின்று சாதாரண நிலைத் தேர்வு எழுதித் தேறினான். இன்று அவனுக்கு வளர்ந்த பிள்ளைகள் உண்டு. உயர்நிலைப் பள்ளிகளில் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளும் 2024ஆம் ஆண்டில் சேர்ந்த மாணவர் தொடங்கி நீக்கப்பட்டுவிட்டன. பெயர்கள் நீங்குவது நன்றே. ஆயினும் பட்டியல் உள்ளவரை அடியில் நிற்பவன் ஒருவன் இருந்தே தீர்வான். அவனைப் பார்த்து ஏதேனும் சொல்ல ஆசிரியன் வாய் துடிக்கவும் செய்யும். அப்போது இளம் ஆசிரியர்கள் என் பிழையை நினைவுகூர்ந்து, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, அவன் அருகில் ஓர் இடம் பார்த்து அமர்வார்களாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நான் பெற்றவனாவேன்.