கருங்கடல் ஓரத்து ஆட்டக்காரர்கள்

துருக்கி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது இஸ்தான்புல் நகரம்தான். அங்கிருந்து கருங்கடலின் தென்கரையோரமாகவே கிழக்கு நோக்கி 600 மைலுக்கு மேல் போனால் டிராப்ஸோன் என்ற ஊர் வரும். ரயிலில் போகலாமே என்று கேட்காதீர்கள். ரயில் பாதை இன்றுவரை அந்த ஊரை எட்டிப் பார்த்ததில்லை. தெற்கே மலைத்தொடர் சுவர் வைத்தாற்போல் நிற்கிறது. வடக்கே கடல். இரண்டுக்கும் நடுவே கிடைத்த இடத்தில் மேடும் பள்ளமுமாக ஊர் ஒண்டிக்கொண்டிருக்கிறது. மழைக்குப் பஞ்சமில்லை. சரிவுகளில் ஹேஸல் கொட்டைத் தோப்புகள். சற்றுக் கிழக்கே ரிஸே பக்கம் போய்விட்டால் தேயிலைத் தோட்டங்கள்.

குளிர்காலம் பிறந்தால் கடலில் 'ஹம்ஸி' மீன் வந்து குவியும். வேறொன்றுமில்லை, நம் நெத்திலியின் உறவுக்காரன்தான். அதைச் சோளமாவில் புரட்டிப் பொரிக்கிறார்கள். அரிசியோடு சேர்த்துச் சமைக்கிறார்கள். ரொட்டி மாவிலும் விட்டுவைப்பதில்லை. 'கெமெஞ்சே' என்ற மூன்று தந்தி வாத்தியத்தை வில்லால் இழைத்துக்கொண்டு, கைகோத்து நின்று 'ஹோரோன்' ஆடும்போது அவர்களுடைய தோள்கள் துடிக்கிற துடிப்பைப் பார்த்தால், வலையில் விழுந்த ஹம்ஸியே ஞாபகம் வரும். சட்டென்று கோபம் வரும், சட்டென்று சிரிப்பும் வரும் என்று அந்த ஊர்க்காரர்களைப் பற்றித் துருக்கியில் ஒரு பேச்சு உண்டு.

பழைய ஊர். கி.மு. 400-ல், கூலிக்குப் போர் செய்யப் பாரசீகத்துக்குப் போய், அமர்த்திய இளவரசனையும் சேனாபதிகளையும் பறிகொடுத்து, மலையும் பனியும் கடந்து தப்பி வந்த கிரேக்கப் படை இந்தக் கரையில்தான் கடலைச் சேர்ந்தது. உயிர் பிழைத்த சந்தோஷத்தில் அவர்கள் முதலில் செய்த காரியங்களுள் ஒன்று என்ன தெரியுமா? விளையாட்டுப் பந்தயம்! ஓட்டம், மல்யுத்தம், குத்துச்சண்டை, குதிரைப் பந்தயம் எல்லாம் ஒரு மலைச் சரிவிலேயே நடந்தன. கல்லும் புதருமான இந்தத் தரையில் மல்யுத்தம் எப்படி என்று கேட்டவர்களுக்கு, விழுகிறவன் பாடு அது என்கிற தோரணையில் பதில் கிடைத்ததாம். கூடவே இருந்த ஜெனபன் எழுதி வைத்திருக்கிறார். கரடுமுரடான தரையில் விளையாடுவது அந்த மண்ணுக்கு அன்றே வந்த பழக்கம் போலும்.

பிற்பாடு 1204 முதல் 1461 வரை அது ஒரு தனிச் சாம்ராஜ்யத்தின் தலைநகராக இருந்தது. பாண்டிய நாட்டின் காயல் துறைமுகத்தையும் முத்துக் குளிப்பையும் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, வெனிஸ் திரும்பும் வழியில் இங்கே தங்கியபோது, போலோ குடும்பத்தாரின் பொருளில் ஒரு பெரும்பகுதி பறிபோயிற்று. உஸ்மானிய சுல்தான்களில் புகழ்பெற்ற சுலைமான் 1494-ல் பிறந்ததும் இதே ஊரில்தான். இப்படியே சரித்திரம் பேசிக்கொண்டிருந்தால் பந்து உருளாது, விஷயத்துக்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கால்பந்து இந்த ஊருக்கு வந்தது. வந்த வேகத்தில் ஊரை இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம் இத்மனோஜா சங்கம். அதன் நிறம் மஞ்சளும் சிவப்பும். எதிர்ப்பக்கம் இத்மன்கூஜூ சங்கம், பச்சையும் வெள்ளையும். பெயர்கள் நம் நாக்குக்குச் சற்று அடங்காதவைதான். இரண்டிலும் முன்னால் வரும் 'இத்மன்' என்பதற்குத் தேகப்பயிற்சி என்று பொருள். ஆனால் பயிற்சி ஒன்றானாலும் மனம் ஒன்றாகவில்லை. சின்ன ஊர்ச் சண்டையைப் பற்றிக் கேட்க வேண்டுமா? எதிர்க்கட்சிக்காரன் அசலூரிலிருந்து வந்தவனாக இருந்தால் ஆட்டம் முடிந்ததும் வண்டி ஏறிப் போய்விடுவான். இவனோ மறுநாள் காலையிலும் அதே கடைத்தெருவில் எதிரே வருகிறான்!

இதற்கிடையில் 1959-ல் துருக்கியில் தேசிய லீக் பிறந்தது. 1963-ல் இரண்டாம் டிவிஷன் வந்தது. அதில் இடம் வேண்டுமானால் சிற்றூர்ச் சங்கங்கள் ஒன்றுகூடி, ஊருக்கு ஒரே சங்கமாக வர வேண்டும் என்பது கால்பந்துச் சம்மேளனத்தின் எண்ணம். புர்ஸா நகரம் 1963-லேயே கூடிவிட்டது. எஸ்கிஷெஹிர் 1965-ல் கூடியது. டிராப்ஸோன் மட்டும் கூடவில்லை. யார் நிறத்தை யார் உடுத்துவது? யார் பெயர் நிற்பது? கல்யாணத்தில் சம்பந்திகள் பந்தியில் யார் முதலில் உட்காருவது என்று முறைத்துக்கொள்வது போல வருஷங்கள் ஓடின.

1966-ல், இத்மனோஜாவை விட்டுவிட்டு மற்றச் சங்கங்கள் சேர்ந்து ஒரு 'டிராப்ஸோன்ஸ்போர்' அமைத்தன. சிவப்பு, வெள்ளைச் சட்டை. ஊரில் பாதியைத் தள்ளி வைத்துவிட்டு ஊர் பெயரைச் சூட்டிக்கொண்டால் யார் ஒப்புவார்கள்? தகராறு இன்னும் முற்றியது. கடைசியில் 1967 ஆகஸ்டு 2-ந் தேதி, இத்மனோஜா, இத்மன்கூஜூ, கரடெனிஸ்கூஜூ, மார்ட்டிஸ்போர் ஆகிய நான்கும் ஒன்றாயின. புதுச் சங்கத்தின் நிறம் கருஞ்சிவப்பும் நீலமும். மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை. அரை நூற்றாண்டாக எந்த நிறத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்களோ, அதை இரு தரப்பாரும் மடித்து வைத்தார்கள். எத்தனை பெரியவர்கள் அன்றிரவு சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்களோ!

உடனே பலன் கிடைத்துவிடவில்லை. இரண்டாம் டிவிஷனில் ஏழு வருஷம். 1974-ல்தான் முதல் டிவிஷனில் கால் வைத்தார்கள். அங்கே நிலைமை என்ன? லீக் தொடங்கிய நாள் முதலாகப் பட்டம் இஸ்தான்புல்லைத் தாண்டியதே இல்லை. கலத்தாசராய், பெனர்பாச்சே, பெஷிக்தாஷ் ஆகிய மூன்று சங்கங்களும் தங்களுக்குள்ளேயே அதைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. பணம், பத்திரிகை, செல்வாக்கு எல்லாம் அங்கே.

1976-ல், இரண்டே வருஷத்தில், சுமார் ஒரு லட்சம் ஜனங்கள் வாழ்ந்த டிராப்ஸோன் அந்தப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்தது. பயிற்சியாளர் அகமத் சுவாத் ஓஸ்யாஸிஜி உள்ளூர்க்காரர். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருக்களிலேயே பந்து உதைத்து வளர்ந்த பிள்ளைகள். விலைக்கு வாங்கிய வீரன் தோற்றால் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம். இவர்கள் தோற்றால் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சங்கத்தின் பலம் இதில்தான் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

அதே வருஷம் அக்டோபர் 20-ந் தேதி ஐரோப்பியக் கோப்பைக்காக லிவர்பூல் கோஷ்டி அந்த ஊருக்கு வந்தது. இங்கிலாந்தின் சாம்பியன்கள்! ஜெமில் உஸ்தா பெனால்டியில் ஒரு கோல் போட, டிராப்ஸோன் 1-0 என்று ஜெயித்தது. இரண்டு வாரம் கழித்து லிவர்பூலில் நடந்த ஆட்டத்தில் 20 நிமிஷத்துக்குள் மூன்று கோல் வாங்கி வெளியேறியது வேறு கதை. அந்த வருஷக் கோப்பையையே லிவர்பூல்தான் வென்றது. ஜெமிலுக்கு 'டோஸர்' என்று பட்டப்பெயர். மண் தள்ளும் இயந்திரம் மாதிரி ஆள்! அவர் 2003-ல் காலமானார். 2019-20 லீக் பருவத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள்.

கோல் காத்தவர் ஷெனோல் குனேஷ். குனேஷ் என்றால் சூரியன். பள்ளி ஆசிரியராவதற்குப் படித்தவர். 1978-79 பருவத்தில் லீக் ஆட்டங்களில் தொடர்ச்சியாக 1,112 நிமிஷம் அவரைத் தாண்டி ஒரு பந்து போகவில்லை. பன்னிரண்டு முழு ஆட்டங்களுக்கும் மேலே! 2002 உலகக் கோப்பையில் துருக்கியை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுபோன பயிற்சியாளரும் இவரே.

1976, 77, 79, 80, 81, 84 என ஒன்பது பருவங்களில் ஆறு பட்டங்கள். பிறகு?

பிறகு ஒன்றுமில்லை. சும்மா இருந்தார்கள் என்று அர்த்தமில்லை. 1990-ல் பார்ஸிலோனாவை ஊரில் 1-0 என்று தோற்கடித்து, மறு ஆட்டத்தில் 7-2 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். 1996 மே மாதம் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சொந்த மைதானம், எதிரே பெனர்பாச்சே, முதல் கோலும் இவர்களுடையதே. ஆட்டம் முடிந்தபோது 1-2. பட்டம் மறுபடியும் இஸ்தான்புல் போயிற்று. ஊரே இழவு வீடு போல ஆயிற்று. 2011-ல் இரு சங்கங்களுக்கும் சமமாக 82 புள்ளிகள், பட்டம் பெனர்பாச்சேக்கு. அந்தப் பருவ ஆட்டங்களில் சூது நடந்ததாக வழக்கு எழுந்து, கோர்ட்டுகளில் வருஷக் கணக்காக இழுபட்டு, தீர்ப்புகள் மாறின. கோப்பை இடம் மாறவில்லை. இந்தப் பேச்சை மட்டும் அந்த ஊரில் யாரிடமும் தொடங்காதீர்கள், தேநீர் ஆறிப்போகும்.

1951 முதல் ஊரில் இருந்துவந்த ஹுசைன் அவ்னி அகேர் மைதானத்தையும் விட்டுவிட்டு, 2016 டிசம்பரில் கடலைத் தூர்த்துக் கட்டிய புது மைதானத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அதற்கு ஷெனோல் குனேஷின் பெயர். பழையதை இடித்தாயிற்று.

2022 ஏப்ரல் 30 அன்று அந்தப் புது மைதானத்தில் அந்தால்யாவுடன் ஆட்டம். 2-2. வெற்றிகூட இல்லை, வெறும் டிரா! ஆனால் இன்னும் மூன்று ஆட்டம் பாக்கியிருக்கும்போதே பட்டம் உறுதியாகிவிட்டது. ஜனங்கள் மைதானத்துக்குள் வெள்ளமாகப் பாய்ந்தார்கள். 1984-ல் பத்து வயதுப் பையனாகக் குதித்தவனுக்கு அன்று நாற்பத்தெட்டு வயது.

துருக்கியில் மோட்டார் வண்டி நம்பரில் ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஒரு எண் உண்டு. டிராப்ஸோனுக்கு 61. ஆட்டத்தில் 61-வது நிமிஷம் வந்துவிட்டால், கோல் விழுந்தாலும் விழாவிட்டாலும், ஜெயித்துக்கொண்டிருந்தாலும் தோற்றுக்கொண்டிருந்தாலும், கருஞ்சிவப்பு நீலச் சால்வைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கிறார்கள்.